அலசாத எட்டுத் திரைச்சீலைகள்

நான் கோபக்காரன் என்று உங்கள் அம்மா சொல்வாள். உண்மைதான். மிஷினில் நூல் அறுந்தால் கோபப்படுவேன். கைகாட்டியும் பஸ் நிற்காமல் போனால் கோபப்படுவேன். நீங்கள் இரண்டு பேரும் என் கத்தரிக்கோலை எடுத்துக் காகிதம் வெட்டினால் கேட்கவே வேண்டாம். ஆனால் நான் இங்கே எழுதப்போகும் கோபம் அந்த மாதிரி இல்லை. சிதம்பரத்தில் ஒரு புதுமனை விசேஷத்தில் வந்தது, இன்னும் போகவில்லை. போகவேண்டாம் என்றுதான் எழுதிவைக்கிறேன். உங்கள் பெரியம்மாவைப் பற்றி நாளைக்கு யாராவது ஏதாவது பேசினால், அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்பது என் வாயால்தான் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் பத்தாவதோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தை மட்டும் திருத்தாதீர்கள்.

பள்ளிக்கூடத்தில் அப்பா தொழில் என்ன என்று கேட்டால் ‘டெய்லர்’ என்று எழுதிவிட்டு வருகிறீர்கள். முதுநகரில் என் கடையில் சட்டையும் ஜாக்கெட்டும் தைப்பதில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் திரைச்சீலை, சோபாவுக்கு உறை, திவானுக்கு விரிப்பு, குஷன், தலையணை. வீட்டுக்கு உடுத்திவிடுகிறவன் நான். மனிதனுக்குத் தைத்தால் அவன் கொஞ்சம் மூச்சை இழுத்துப் பிடித்துச் சரிசெய்துகொள்வான். ஜன்னல் அப்படிச் செய்யாது. அரை விரற்கடை குறைந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, கீரப்பாளையத்தில் இருக்கிறார். பெரியப்பா இறந்தபோது உங்களுக்கு நினைவு தெரியாத வயது. ஆறு மாதம் அவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. வந்தபோது நேராக மகளிர் குழுப் பயிற்சிக்குப் போனார். ஊதுவத்தி, பினாயில், முடிச்சுச் சாயம் என்று மூன்று சொல்லிக்கொடுத்தார்கள். ஊதுவத்தி வாசனை தலைவலி, பினாயில் வாசனை அதைவிடத் தலைவலி என்று மூன்றாவதில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இன்றைக்கு அவர் வீட்டுக் கொல்லையில் நான்கு டிரம், ஒரு கைபம்பு, மழைக்கு ஒதுங்க ஒரு தகரக் கொட்டகை. கூட இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள்.

அந்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் நடந்தது புரியவேண்டும். வெள்ளைக் காடாத் துணியைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்துப் பிழிவார்கள். பிறகு துணிக்குள் ஒரு கூழாங்கல்லை வைத்து, நைலான் நூலால் இறுக்கி முடிச்சுப் போடுவார்கள். சாயத்தில் முக்கினால் முடிச்சு விழுந்த இடத்தில் மட்டும் சாயம் ஏறாது. அவிழ்த்தால் வெள்ளை வட்டம் நிற்கும். சோடா இல்லாமல் சாயம் துணியைப் பிடிக்காது. ஆனால் பிடித்த பிறகு சோடா துணியில் இருக்கவே கூடாது. இருந்தால் சாயம் கசியும், துணி கெடும். அதனால் அலசவேண்டும். பெரியம்மாவின் கணக்கு ஏழு தண்ணீர். ஆறு என்றால் ஒத்துக்கொள்ளமாட்டார்.

ஆரம்பத்தில் நான் கிண்டல்தான் செய்தேன். அம்மா கூப்பிடுவதுபோலவே நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

“அக்கா, இது நைட்டிக்குத்தான் லாயக்கு. ஜன்னல்ல மாட்டினா பக்கத்து வூட்டுக்காரன், துணி காயப் போட்டிருக்காங்கன்னு நெனச்சிடுவான்.”

“அப்ப ஜன்னலுக்கு ஒரு நைட்டி தெச்சுக் குடு மாப்ள. அதுக்கும் புழுக்கமாத்தான இருக்கும்” என்றார்.

தைத்தேன். அவர் வீட்டு ஜன்னலிலேயே மாட்டினேன். வெயில் துணிக்குப் பின்னால் வந்ததும் வட்டங்கள் பளிச்சென்று எழுந்துவிட்டன. கடையில் விற்கிற பூப்போட்ட பாலியஸ்டர் துணியில் அப்படி வராது. அதில் வெளிச்சம் முகத்தில் வந்து அடிக்கும், துணிக்குள் புகாது. ஆனால் ஒரு குறை இருந்தது. திரைச்சீலை மடிப்பு மடிப்பாக விழும் அல்லவா? பாதி வட்டங்கள் மடிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டன. வெளியே பார்த்தால் கடித்துப்போட்ட அப்பளம் மாதிரி இருந்தது.

பெரியம்மா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார். “உள்ள போய் ஒளியிற வட்டத்துக்கு நான் ஏன் விரல் தேய முடிச்சுப் போடணும்? எது வெளிய தெரியும்னு நீ முன்னாடியே சொல்லு.”

அதிலிருந்துதான் எங்கள் வேலைமுறை வந்தது. நான் ஜன்னலை அளந்து வெள்ளைத் துணியை வெட்டி, மடிப்பு எங்கே முன்னால் வருமோ அங்கெல்லாம் சிவப்பு நூலால் அடையாளத் தையல் போடுவேன். கோணிப்பையில் வைத்து பஸ்ஸில் கீரப்பாளையம் கொண்டுபோவேன். அவர் அந்த அடையாளத்தில் மட்டும் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றித் தருவார். கீழே ஒரு சாண் அகலத்துக்குப் பாலிதீன் சுற்றி வெள்ளைக் கரை விடுவார். நான் வாங்கிவந்து தைப்பேன். திரையை மூடினால் ஒவ்வொரு மடிப்பின் முகத்திலும் ஒரு வட்டம் நிற்கும். அந்தத் துணி அந்த ஜன்னலுக்கு மட்டும்தான். பக்கத்து ஜன்னலுக்குக்கூட ஆகாது. இந்த வேலையை என்னால் தனியாகச் செய்யமுடியாது, அவராலும் முடியாது. இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு. வெட்கமாக இருக்கிறது.

சிதம்பரத்தில் ஒரு பல் டாக்டர் தன் கிளினிக்குக்கு எங்களிடம் துணி வாங்கினார். அங்கே பல் வலிக்கு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, வலியை மறந்து துணியைப் பார்த்திருக்கிறார். அவர் வீட்டுக்காரர் வெளிநாட்டில் வேலை செய்கிறார். சிதம்பரத்திலேயே புது வீடு கட்டி முடிக்கிற நேரம். என்னைக் கூப்பிட்டு வீட்டைச் சுற்றிக் காட்டினார்.

“எந்த வூட்டுக்குப் போனாலும் ஒரே ஸ்கிரீனு, ஒரே பூவு. எனக்கு அலுத்துப்போச்சுண்ணே. நம்ம பக்கம் செய்யிற துணியாவே வூடு பூரா போடணும். சோபாவுக்கும் அதேதான்.”

எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போனது. கூடத்துக்கு நீலம், படுக்கையறைக்குச் செங்கல் சிவப்பு, சாப்பாட்டு இடத்துக்குப் பச்சை என்று அவரும் பெரியம்மாவும் போனிலேயே பேசி முடித்தார்கள். மொத்தம் பத்தொன்பது திரைச்சீலைகள். சோபா உறைகள் தனி.

விசேஷம் தையில் என்றுதான் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரருக்கு லீவு தை வரைக்கும் இல்லை. மார்கழியில் வைக்கமுடியாது. அதனால் கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்துக்கு மாற்றிவிட்டார்கள். கார்த்திகையில் நம் பக்கம் மழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்குத் தெரியும், பள்ளிக்கு லீவு விட்டால் ஆடுகிறவர்கள் நீங்கள். நாங்கள் ஆடவில்லை. துணி காயாமல் நான் கீரப்பாளையத்துக்கும் முதுநகருக்கும் அலைந்துகொண்டிருந்தேன். பதினோரு திரைச்சீலைகள் ஒழுங்காக ஏழு தண்ணீர் அலசி வந்துசேர்ந்தன. மீதி எட்டுக்கு நான் போய் நின்றபோது மூன்று தண்ணீர்தான் முடிந்திருந்தது. எட்டுமே கூடத்துக்கும் அதையொட்டிய சின்ன அறைக்குமான நீலம்.

“இன்னும் நாலு தண்ணி இருக்கு மாப்ள. நாளைக்கு வா.”

“நாளைக்கு வந்தா எப்பக்கா தைக்கிறது? குடு, நான் அங்க அலசிக்கிறேன்.”

“அலசுவியா?”

“என்னக்கா, அலசக்கூடவா தெரியாது எனக்கு?”

“தெரியும். அலசுவியான்னுதான் கேட்டேன்.”

நான் அலசவில்லை. முதுநகரில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர், குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கரண்டும் போய்ப்போய் வந்தது. பக்கத்துத் தெருவில் கைபம்பு இருந்தது. நான்கு நடை நடந்திருந்தால் போதும். நடக்கவில்லை. கண்ணுக்கு நீலம் வடியாமல் இருந்தது, அது போதும் என்று நினைத்துக்கொண்டேன். மின்விசிறிக்கடியில் காயவைத்து, இஸ்திரி போட்டு, தைத்துவிட்டேன். பெரியம்மாவின் நான்கு தண்ணீரை நான் விழுங்கிவிட்டேன். யாருக்கும் தெரியாது என்ற தைரியம்.

முதல் நாள் சாயங்காலமே எல்லாவற்றையும் மாட்டிவிட்டு வந்தோம். விசேஷத்துக்கும் வரவேண்டும் என்று அந்த அம்மா சொல்லியிருந்ததால் மறுநாள் முதல் பஸ் பிடித்து நானும் அம்மாவும் போனோம். பெரியம்மாவையும்தான் கூப்பிட்டார் அந்த அம்மா. “எனக்கு வேல இருக்கு, நீங்க போய்ட்டு வாங்க” என்று பெரியம்மா சொல்லிவிட்டார். வேலை ஒன்றும் இல்லை. இந்த மாதிரி இடத்தில் தன்னை எங்கே நிற்கவைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும். நாங்களும் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. என் கோபம் அங்கிருந்தே ஆரம்பித்திருக்க வேண்டும். ஆரம்பிக்கவில்லை.

அந்த அம்மாவின் மாமியார் மஞ்சளைக் குழைத்து ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்தார். தீபாவளிக்கு உங்கள் புதுச்சட்டையின் மூலையில் அம்மா மஞ்சள் வைக்கிறாள் அல்லவா, அதேபோல வீட்டுக்கு உடுத்திய புதுத் துணிக்கும் வைக்கவேண்டும் என்றார். எனக்கே அந்த நினைப்பு பிடித்திருந்தது. ஒவ்வொரு திரையாகக் கீழ்மூலையைப் பிடித்து, வெள்ளைக் கரையில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டே போனார். கூடத்தில் ஆரம்பித்து, சின்ன அறை, சாப்பாட்டு இடம், படுக்கையறை என்று ஒரு சுற்று. அவர் திரும்பிக் கூடத்துக்கு வருவதற்குள் உறவுக்காரப் பெண் ஒருத்தி கத்தினாள்.

“ஐயோ, ரத்தம்!”

எட்டுத் திரைகளிலும் வைத்த மஞ்சள் சிவந்திருந்தது. நல்ல வெள்ளைக் கரையில், நல்ல சிவப்பு.

எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. மஞ்சளில் சோடா பட்டால் சிவக்கும். துணி நன்றாக அலசியாகிவிட்டதா என்று பார்க்கப் பெரியம்மா இதையேதான் செய்வார். ஓரத்தில் துளி மஞ்சள் வைப்பார். சிவந்தால் மறுபடி அலசல், மஞ்சளாகவே நின்றால் போதும். எத்தனையோ தடவை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பதினொன்று மஞ்சளாகவே இருந்தன. எட்டு சிவந்திருந்தன. என் எட்டு.

பிள்ளைகளே, இதைக் கேளுங்கள். அதே நேரத்தில் அந்த வீட்டு வாசற்படியில் ஒரு தட்டில் ஆலம் கரைத்து வைத்திருந்தார்கள். வெளியே நின்ற வீட்டுக்காரரும் அந்த அம்மாவும் உள்ளே வரும்போது சுற்றுவதற்கு. ஆலம் எப்படிக் கரைப்பார்கள்? மஞ்சள் தண்ணீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போட்டால் சிவந்துவிடும். அதைக் கரைத்தவர்களே அங்கேதான் நிற்கிறார்கள். தட்டில் சிவந்தால் மங்கலம். துணியில் சிவந்தால் ரத்தம். இந்த இரண்டையும் ஒரே வீட்டில், பத்தடி தூரத்தில் வைத்துக்கொண்டு அலறினார்கள். இதை நினைக்கும்போது இன்றைக்கும் நான் பல்லைக் கடிக்கிறேன்.

மாமியார் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“தம்பி, இந்தத் துணிக்குச் சாயம் போட்டது யாரு?”

“எங்க வூட்டு ஆளுங்கதாம்மா.”

“கீரப்பாளையத்துல புருஷன் செத்தவ ஒருத்தி சாயம் போடுறாளாமே. அவளா?”

கூடத்தில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ‘நான்தான் அலசவில்லை’ என்று சொல்லவேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தால் ஒரு நொடி. அதற்குப் பதிலாக என் வாயிலிருந்து வந்தது இது.

“அது வேற ஆளும்மா. இது எல்லாம் என் சம்சாரம் கட்டுனது.”

பக்கத்தில் நின்ற உங்கள் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுதமாட்டேன். பிறகு அவள் பூஜைக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தில் ஒன்றை எடுத்து அறுத்து, முதல் திரையின் மூலையில் இரண்டு சொட்டு பிழிந்தாள். சிவப்பு கரைந்து மறுபடி மஞ்சளானது. அடுத்ததில் பிழிந்தாள். அதுவும் மஞ்சளானது. எட்டிலும் பிழிந்தாள்.

“சோடா கொஞ்சம் தங்கிடுச்சும்மா. புளிப்பு பட்டா சரியாயிடும். வேற ஒண்ணும் இல்ல” என்றாள்.

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “பாத்தீங்களா, எலுமிச்சம்பழம் பட்டதும் திருஷ்டி எறங்கிப்போச்சு! எவ கண்ணோ பட்டிருக்கு.”

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். சோடா என்று அம்மா சொன்னது ஒருவர் காதிலும் விழவில்லை. ஆலம் சுற்றினார்கள், பால் பொங்கியது, இலை போட்டார்கள். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். பாயசம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினேன். வீட்டுக்காரர் தோளில் தட்டி, “பிரமாதம்ணே, வூடே மாறிப்போச்சு” என்றார். சிரித்தேன்.

திரும்பும் பஸ் புதுச்சத்திரம் தாண்டியதும், அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“எங்கக்கா வேற ஆளா?”

“அத்தினி பேருக்கு நடுவுல என்னான்னு சொல்றது? நாலு எடத்துல வேல வரணுமா வேணாமா?”

“வரட்டும். அங்க சொன்னீங்களே, அந்தச் சம்சாரத்துகிட்டயே சாயம் போட்டுக்குங்க.”

நான் கத்தினேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தப்பு செய்தவன்தான் சத்தமாகக் கத்துவான் என்பதை நான் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் புதுத் துணியுடன் கீரப்பாளையம் போனேன். அம்மா போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். பெரியம்மா கைபம்பு பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சு அவிழ்த்துக்கொண்டிருந்தார். நிமிராமல் கேட்டார்.

“எத்தினி தண்ணி அலசுன?”

“நீ அலசுன மூணுதான்க்கா.”

“அப்ப நீ அலசவே இல்ல.”

“இல்ல.”

நான் கொண்டுபோன பையின் வாயைச் சுருட்டி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். “இத அந்தச் சம்சாரத்துகிட்டக் குடு மாப்ள. அவ நல்லா முடிச்சுப் போடுவாளாம். புருஷனும் இருக்கானாம், துணி செவக்காது.”

கூட வேலைசெய்யும் இரண்டு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். “என்கிட்ட எதுக்குக் கேக்குற? என்கிட்டயா பொய் சொன்ன?” என்றார். அவ்வளவுதான். அந்த இடத்தில் போய்ச் சொல்லிவிட்டு வரும்வரை என் அடையாளத் தையல் போட்ட ஒரு துணியையும் அவர் தொடமாட்டார் என்பது எனக்குப் புரிந்தது. அவருக்கு வேறு வேலை இருந்தது, சேலைக்கும் துப்பட்டாவுக்கும் சாயம் போட்டார். எனக்குத்தான் இல்லை. தை மாதம் முழுக்கப் பூப்போட்ட பாலியஸ்டர் தைத்தேன். கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் முடிச்சுத் துணி வாங்கித் தைத்துப் பார்த்தேன், வட்டமெல்லாம் மடிப்புக்குள் போய் விழுந்தது. அளவெடுக்கக் கூப்பிட்டவர்களும் இது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போய்ச் சொல்லவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். பயம். கோபக்காரனுக்கு இவ்வளவு பயம் இருக்கும் என்று நானே நினைத்ததில்லை.

மாசியில் அந்த சிதம்பரத்து அம்மா போன் செய்தார். “அண்ணே, சின்ன ரூம்ல செவுத்துல நீலம் எறங்குது. புதுப் பெயிண்டுண்ணே. அப்புறம், நெல்லிக்குப்பத்துல என் தம்பி வூடு கட்டியிருக்கான். அவனுக்கும் இதே மாதிரி வேணுமாம்.”

பெரியம்மாவிடம் இரண்டையும் சொன்னேன். நெல்லிக்குப்பம் அவர் காதில் ஏறவில்லை.

“என் சாயம் செவுத்துல எறங்குதா?” என்று எழுந்துவிட்டார். “நாளைக்குக் காலைல போறோம். சொல்ல வேண்டியத நீ சொல்லு. அலச வேண்டியத நான் அலசுறேன். மாத்திக்கிற வேல வேணாம்.”

போனோம். வீட்டுக்காரர் வெளிநாட்டுக்குத் திரும்பிவிட்டிருந்தார். அந்த அம்மா வாசலுக்கு வந்து கூப்பிட்டார். மாமியார் கூடத்துச் சோபாவில் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா என் முதுகுக்குப் பின்னால் நிற்காமல் பக்கத்தில் வந்து நின்றார்.

“அம்மா, அன்னிக்கு நான் பொய் சொன்னேன்” என்றேன். “சாயம் போட்டது இவங்கதான். என் சம்சாரத்தோட அக்கா. நீங்க கேட்ட கீரப்பாளையத்துக்காரங்க.”

“அப்ப அந்த எட்டும்...”

“அந்த எட்டும் இவங்க கட்டுனது. மத்த பதினொண்ணும் இவங்க கட்டுனது. நீங்க உக்காந்திருக்கீங்களே, அதுவும்.”

மாமியார் பாதி எழுந்துவிட்டார். கூடத்தில் வேறு நாற்காலி இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்று, மறுபடி உட்கார்ந்தார், இந்தத் தடவை நுனியில். மூன்று மாதமாகச் சாய்ந்து உட்கார்ந்து டி.வி. பார்த்த சோபா அது.

“அதான் அன்னிக்கு அப்பிடி ஆச்சு” என்றார்.

“இல்லம்மா. நான் அலசாம தெச்சேன். அதான் அப்பிடி ஆச்சு. இவங்க கைதான் காரணம்னா பத்தொம்பதும் செவந்திருக்கணுமே?”

“எலுமிச்சம்பழம் இல்லன்னா என்னா ஆயிருக்குமோ” என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். பெரியம்மா ஒருத்தர் அங்கே நிற்பதாகவே அவர் கண்ணில் காட்டவில்லை. நான் எழுதுகிற கோபத்தில் பாதி இந்த இடத்துக்கு உரியது. திட்டினால்கூடப் பதில் சொல்லலாம். இல்லாத ஆளாக்கினால் எதற்குப் பதில் சொல்வது?

பிறகு பெரியம்மா எட்டுத் திரைகளையும் என்னை வைத்துக் கழற்றிவிட்டார். கொல்லைக் குழாயடியில் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். நான்கு தண்ணீர்தானே பாக்கி என்றேன். “ஒண்ணுலேர்ந்து” என்றார். முதல் தண்ணீர் மை மாதிரி வந்தது. இரண்டாவது வானம் மாதிரி. அந்த வீட்டு அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானும் உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்துப் பிழிய ஆரம்பித்தார். “முடிச்சுக்குள்ள என்னாக்கா வெப்பீங்க? நான் காசுன்னு நெனச்சேன்” என்றார். “காசு இருந்தா கல்லு ஏன்மா வெக்கிறேன்?” என்றார் பெரியம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள். மாமியார் கொல்லைக் கதவில் வந்து நின்றுகொண்டார்.

ஏழாவது தண்ணீர் குடிக்கலாம்போல இருந்தது. கொடியில் எட்டையும் போட்டபிறகு பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “கொஞ்சம் மஞ்சத்தூள் குடும்மா.”

அந்த அம்மா மாமியாரைப் பார்த்தார். பிறகு அவரை ஒதுங்கிக் கடந்து உள்ளே போய் டப்பாவோடு வந்தார். பெரியம்மா ஈர விரலில் மஞ்சளைத் தொட்டு, ஒவ்வொரு திரையின் மூலையிலும் வைத்தார். அவர் கொல்லையில் தினமும் செய்கிற அதே வேலை. வைத்துவிட்டு நின்றார். எல்லோரும் நின்றோம். எட்டும் மஞ்சளாகவே நின்றன.

மாமியார் என்னைக் கூப்பிட்டார். “தம்பி, அவுங்க மஞ்சள் வெச்ச மூலைய மட்டும் இன்னொரு தண்ணி அலசிடச் சொல்லுங்க.”

இந்தத் தடவை வாய் முந்திக்கொண்டது.

“அலச வேண்டியதெல்லாம் அலசியாச்சும்மா. இதுக்கு மேல அலசமாட்டோம்.”

தெருவரைக்கும் கேட்டிருக்கும். அந்த வீட்டு அம்மா வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைத் தென்னைமரத்தடியில் ஊற்றிவிட்டு, வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

நாங்கள் போனபிறகு மாமியார் தனியாக எடுத்து அலசினாரா, தெரியாது. அலசியிருப்பார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரிகிறது. அந்த எட்டும் மறுபடி கூடத்தில் ஏறினவா என்றும் நான் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தோம். பெரியம்மாவின் விரல் நுனியில் மஞ்சள் அப்படியே இருந்தது, அவர் துடைக்கவில்லை. பாதி வழியில், “நெல்லிக்குப்பம் வூட்ல எத்தினி ஜன்னலாம்?” என்று கேட்டார்.

“தெரியலக்கா. நாளைக்குப் போய் அளந்துட்டு வந்து சொல்றேன்.”

“வேணாம், நானும் வரேன்” என்றார். “நீ அலசிக்கிறேன்னு சொல்லிட்டுப் போன ஆளு.”